நாற்பது வரி, 127 மில்லிமீட்டர்: ஒரு சிறு லேத்தின் கேரேஜ் ஓட்டத்தில் வந்த கோளாறு

தண்டைச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தபோதுதான் தெரிந்தது. நேராகப் பார்த்தால் ஒழுங்காகக் கடைந்த எம்.எஸ். ராடு (மென் எஃகுக் கம்பி). 25 மி.மீ. விட்டம், வெர்னியரை எங்கே வைத்தாலும் அளவு சரி. சாய்த்தால் பளபளப்பாக ஒரு பட்டை, அடுத்து மங்கலாக ஒரு பட்டை, மறுபடி பளபளப்பு என்று தண்டு முழுக்க வரிவரியாக ஓடியது. நகத்தை நீளவாக்கில் இழுத்தால் மங்கல் பட்டை வரும்போதெல்லாம் லேசாகச் சொரசொரத்தது.

மேசைமேல் வைக்கும் சிறிய டிரில்லிங் மெஷின் ஒன்றுக்குத் தூணாக அதைக் கடைந்துகொண்டிருந்தேன். தலைப்பகுதி அந்தத் தூணில் ஏறி இறங்க வேண்டும். வரி இருந்தால் ஏறும்போது கையில் தெரியும். சில மாதத்தில் மேடெல்லாம் தேய்ந்து பிடிப்பும் தளர்ந்துவிடும். அதனால் கண்ணை மூடிக்கொண்டு எமரி ஷீட் போட்டுத் தேய்த்துவிட்டுப் போக மனம் வரவில்லை. தேய்த்தால் வரி மறையும், லேத்தில் இருக்கிற கோளாறு அப்படியே இருக்கும்.

லேத் பழையது, மூன்றடி பெட் (மற்றதெல்லாம் ஏறி நிற்கும் அடித்தண்டவாளம்). தனி ஃபீட் ராடு கிடையாது. மரை வெட்டுவதும், டூலைத் தானாக நகர்த்தும் ஆட்டோ ஃபீடும் பெட் நெடுகப் போகும் ஒரே நீளத் திருகான லீட் ஸ்க்ரூ வழியாகத்தான். வேலைத்துண்டைச் சுற்றும் ஸ்பிண்டிலிலிருந்து மாற்றுப் பல்சக்கரங்கள் வழியாக லீட் ஸ்க்ரூ சுற்றும். டூலைச் சுமந்து பெட்மேல் ஓடுவது கேரேஜ், அதன் முன்பலகை ஏப்ரன். ஏப்ரனுக்குள் இருக்கும், இரண்டாகப் பிளந்த ஹாஃப் நட்டை மூடினால் அது ஸ்க்ரூவைக் கவ்விக்கொண்டு கேரேஜை இழுத்துப் போகும். என் லேத்தின் லீட் ஸ்க்ரூ அங்குலத்துக்கு 8 மரை, அதாவது ஒரு சுற்றுக்கு 3.175 மி.மீ. சாதாரண டர்னிங்குக்கு ஸ்பிண்டில் 32 சுற்று சுற்றினால் லீட் ஸ்க்ரூ ஒரு சுற்று சுற்றும்படி சக்கரங்களை மாட்டி வைத்திருக்கிறேன். ஃபீட், அதாவது ஸ்பிண்டிலின் ஒரு சுற்றுக்கு டூல் நகரும் தூரம், ஏறத்தாழ 0.1 மி.மீ. வரும்.

இந்தக் கோளாறுக்கு ஒரு முன்கதை உண்டு. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. நகராமல் நின்று ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டிவிட்டுப் போனது. எங்கள் வீடு ரெயின்போ நகர் பக்கம், பள்ளமான இடம். பின்பக்க ஷெட்டில் தொடையளவு தண்ணீர். லேத்தின் ஸ்டாண்டும் சிப்ஸ் விழும் தட்டும் முழுகின. பெட்டும் லீட் ஸ்க்ரூவும் தண்ணீருக்கு ஒரு சாண் மேலே தப்பின. தப்பி என்ன பயன்? கடலுக்கு இவ்வளவு பக்கத்தில், கடைந்த இரும்பை ஒரு ராத்திரி எண்ணெய் போடாமல் வைத்தாலே காலையில் பழுப்பு படிந்திருக்கும். நான்கு நாள் ஈரத்துக்குப் பிறகு எல்லாமே துரு. டிசம்பர் முழுக்க ஒவ்வொரு பாகமாகக் கழற்றி, மண்ணெண்ணெயில் ஊறவைத்து, துரு நீக்கி, பிரைமரும் எனாமலும் அடித்து, புத்தாண்டு கழிந்து மாட்டினேன். மாட்டி முடித்துக் கடைந்த முதல் பெரிய வேலையில்தான் இந்த வரி.

வெள்ளத்துக்கு முன் வரி இல்லை. இதை அன்றே ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தால் இரண்டு வாரம் மிச்சமாகியிருக்கும். மெஷினில் புதிதாக ஒரு கோளாறு வந்தால், கடைசியாக எதைத் தொட்டோம் என்பதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். நான் தொட்டது எல்லாவற்றையும் என்பதால் அந்தக் கேள்வியைக் கேட்காமலே விட்டேன்.

முதலில் டூலைச் சந்தேகப்பட்டேன். தீட்டினேன், முனை உயரத்தைச் சென்டருக்குச் சரிபார்த்தேன், டூல் போஸ்ட்டிலிருந்து நீட்டிக்கொண்டிருந்ததைக் குறைத்தேன். வரி அப்படியே. டூல் அதிர்ந்தால் கீச்சென்று ஒரு சத்தம் வரும், இங்கே சத்தமே இல்லை. அடுத்து ஸ்பிண்டில் வேகத்தை 250 ஆர்.பி.எம்-லிருந்து 400-க்கு ஏற்றினேன். வரிகளின் இடைவெளி மாறவில்லை. அதிர்வோ மோட்டாரோ காரணமாக இருந்தால் வேகம் மாறும்போது இடைவெளியும் மாறியிருக்க வேண்டும்.

பிறகு சேடில் (கேரேஜ் பெட்மேல் உட்காரும் பகுதி) ஆடுகிறதோ என்று, அதன் தளர்வைச் சரிசெய்யும் பின்பக்க ஜிப்பை இறுக்கினேன். இதில்தான் பெரிய தவறு செய்தேன். பழைய லேத்தில் பெட், வேலைத்துண்டைப் பிடிக்கும் சக்குக்குப் பக்கத்தில்தான் அதிகம் தேய்ந்திருக்கும், ஏனென்றால் வேலையெல்லாம் அங்கேதான் நடக்கிறது. அங்கே நிறுத்தி ஜிப்பை இறுக்கினால், தேயாத டெயில் ஸ்டாக் (பெட்டின் வலது முனைத் தாங்கி) பக்கம் சேடில் போகும்போது பிடித்துக்கொள்ளும். என் கேரேஜ் அந்தப் பக்கம் நின்று நின்று தாவ ஆரம்பித்தது. அதாவது ஒரு கோளாறோடு இன்னொன்றையும் நானே சேர்த்தேன். தேயாத பக்கத்தில் வைத்து அளவாக இறுக்கி, சக்குப் பக்கம் கொஞ்சம் தளர்வாக இருப்பதை ஏற்றுக்கொள்வதுதான் முறை. அப்படியே திருத்தினேன். தாவல் குறைந்தது, ஆனால் பெட்டின் கடைசி ஒரு சாணில் கேரேஜ் இன்னும் கனமாகவே ஓடியது. அதைக் கவனித்தேன், அதன் அர்த்தம் புரியவில்லை.

உருப்படியாக நான் செய்த முதல் சோதனை சக்கரங்களை மாற்றி ஃபீடை இரட்டிப்பாக்கியது. 0.2 மி.மீ. ஃபீடிலும் வரிகளுக்கு இடையே அதே மூன்று மில்லிமீட்டர் சொச்சம். இது பெரிய செய்தி. கோளாறு ஸ்பிண்டிலின் சுற்றோடு கட்டப்பட்டிருந்தால் ஃபீடோடு இடைவெளியும் இரட்டிப்பாகும். மாறவில்லை என்றால் அது கேரேஜ் போகும் தூரத்தோடு கட்டப்பட்டிருக்கிறது. தூரத்தோடு கட்டப்பட்ட பாகங்கள் ஏப்ரனைச் சுற்றி இரண்டுதான்: ஒரு சுற்றுக்கு 3.175 மி.மீ. நகர்த்தும் லீட் ஸ்க்ரூ, அல்லது கைச்சக்கரத்துப் பினியன் (சிறு பல்சக்கரம்) ஓடும் ரேக் என்ற நேர்ப் பல்சட்டம். ஹாஃப் நட் மூடியிருக்கும்போதும் பினியன் ரேக்கை விட்டு விலகுவதில்லை. கேரேஜோடு சேர்ந்து கைச்சக்கரமும் சுற்றிக்கொண்டே போகும். ரேக் பல்லில் இறுக்கம் இருந்தால் பல்லுக்குப் பல் கேரேஜைப் பிடித்துப் பிடித்து விடும்.

ஒரு இரும்பு ஸ்கேலை வைத்துப் பத்து வரியை அளந்தேன். முப்பத்தொன்றரை மி.மீ. என்று வந்தது. என் லேத்தின் ரேக்கை முன்பு யாரோ மாற்றி 1 மாட்யூல் ரேக் போட்டிருக்கிறார்கள். மாட்யூல் என்பது பல்லின் அளவு. அதைப் பையால் (π) பெருக்கினால் பல் இடைவெளி: 3.1416 மி.மீ. பத்துப் பல்லுக்கு 31.4. லீட் ஸ்க்ரூவென்றால் பத்துச் சுற்றுக்கு 31.75. நான் அளந்தது இரண்டுக்கும் நடுவில், ரேக்குக்குக் கொஞ்சம் பக்கமாக. ரேக்கில் துருக்குழி கண்ணுக்கே தெரிந்தது. அதுதான் என்று முடிவுகட்டி இரண்டு ஞாயிற்றுக்கிழமை ரேக்கோடு போராடினேன். பல் பல்லாகப் பித்தளை பிரஷ் போட்டேன், பினியன் ஆழத்தைச் சரிசெய்தேன். ஒரு மாற்றமும் இல்லை.

பொங்கலுக்கு மறுநாள் தெருமுனையில் இருக்கும் மேஸ்திரி எங்கள் வீட்டுக்கு வந்தார். புதுச்சேரியின் பழைய துணி ஆலையான ஏ.எஃப்.டி. மில்லில், பழைய ஆட்கள் வாயில் இன்னமும் ரோடியர் மில், மெக்கானிக் ஷாப்பில் டர்னராக இருந்தவர். மில் மூடிய பிறகும் அவர் பேச்சில் அது மூடவில்லை. தண்டை வாங்கிச் சன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

“எத்தினி வரி எண்ணின தம்பி?”

“பத்து, மேஸ்திரி.”

“பத்து எண்ணினா பத்தாது. நாப்பது எண்ணு.”

தண்டு 180 மி.மீ. நீளம், நாற்பது வரிக்கு இடம் தாராளமாக இருந்தது. என் மகள் டார்ச்சைக் கிடைமட்டமாகப் பிடித்துக்கொள்ள, ஒரு மங்கல் பட்டையின் நடுவில் மார்க்கரால் புள்ளி வைத்து, அங்கிருந்து ஒவ்வொரு பட்டைக்கும் ஒரு புள்ளி. நாற்பதாவது பட்டையில் ஒரு கோடு. வெர்னியரை வைத்தேன். 127 மில்லிமீட்டர். வேறொரு பட்டையிலிருந்து தொடங்கி மறுபடி எண்ணினேன். 127-ஐ விட்டு அரைக்கால் மில்லிமீட்டர்கூட நகரவில்லை.

8 மரை ஸ்க்ரூவில் நாற்பது சுற்று என்பது சரியாக ஐந்து அங்குலம், 127 மி.மீ. 1 மாட்யூல் ரேக்கில் நாற்பது பல் 125.66 மி.மீ. பத்து வரியில் மூன்றில் ஒரு மில்லிமீட்டராகத் தெரிந்த வித்தியாசம், நாற்பது வரியில் ஒன்றேகால் மில்லிமீட்டருக்கும் மேல் விரிந்துவிட்டது. பட்டையின் நடு எது என்று கண்ணால் பார்ப்பதில் கால் மில்லிமீட்டர் தவறு வரத்தான் செய்யும். பத்து வரியில் அந்தத் தவறே தீர்ப்பை மாற்றும், நாற்பதில் மாற்றாது. ரேக் குற்றமற்றது. இரண்டு ஞாயிறு அதைப் போட்டுப் படுத்தியிருக்கிறேன்.

இனி லீட் ஸ்க்ரூ. சுற்றுக்கு ஒரு தடவை அது என்ன செய்கிறது? வளைந்திருக்கலாம். வளைந்த ஸ்க்ரூ ஏப்ரனைச் சுற்றுக்கு ஒரு முறை தூக்கித் தாழ்த்தும். கேரேஜை நடுவில் நிறுத்தி, டயல் கேஜை (சிறு அசைவையும் முள்ளால் காட்டும் கருவி) ஸ்க்ரூவின் உடம்பில் பல இடங்களில் வைத்துப் பார்த்தேன். சொல்லும்படி வளைவு இல்லை. ஸ்க்ரூவின் முனையில் இருக்கும் பல்சக்கரம் மையம் தவறியிருந்தாலும் இதே இடைவெளிதான் வரும். ஆனால் 40 மி.மீ. ஆரமுள்ள சக்கரம் 0.1 மி.மீ. மையம் தவறினால் வேகம் நானூறில் ஒரு பங்குதான் மாறும். அது கண்ணுக்குத் தெரியும் வரியைப் போடாது. மீதி இருப்பது ஒன்று: ஸ்க்ரூ சுற்றும்போதே அச்சுவாக்கில் முன்னும் பின்னும் போய்வருவது.

இதை அளப்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. டயல் கேஜின் முனையை ஸ்க்ரூவின் முகப்பில் வைத்தால், முகப்பு சாய்வாக வெட்டப்பட்டிருப்பதே ஆட்டமாகக் காட்டும். மேஸ்திரி சட்டைப்பையைத் துழாவி ஒரு சிறு பேரிங் குண்டை எடுத்தார். ஸ்க்ரூ முனையில் இருந்த சென்டர் குழியில் ஒரு துளி கிரீஸ் வைத்து அந்தக் குண்டை ஒட்டினார். காந்தி வீதி ஞாயிறு சந்தையில் நான் வாங்கிய பழைய டயல் கேஜை, தட்டையான முனை போட்டு, குண்டின் உச்சியில் நிறுத்தினோம். மெயின் சுவிட்சை அணைத்து ஃபியூஸையும் எடுத்துவிட்டு, ஹாஃப் நட்டை மூடி, நான் கேரேஜை டெயில் ஸ்டாக் பக்கம் கையால் அழுத்திப் பிடிக்க, அவர் பல்சக்கரத்தைக் கையால் சுற்றினார். முள் மெதுவாக ஏறி மெதுவாக இறங்கியது. ஒரு சுற்றுக்கு ஒரு ஏற்றம், ஒரு இறக்கம். அகலம் 0.2 மி.மீ.

அழுத்திப் பிடித்ததற்குக் காரணம் உண்டு. டூல் சக்கை நோக்கிப் போகும்போது வேலைத்துண்டு அதை எதிர்த்து டெயில் ஸ்டாக் பக்கம் தள்ளுகிறது. அந்தத் தள்ளல் ஹாஃப் நட் வழியாக ஸ்க்ரூவுக்கு வருகிறது. ஸ்க்ரூ முழுவதும் வலப்பக்கம் சாய்கிறது. அதைத் தாங்குவது, ஸ்க்ரூவின் முனையைப் பிடிக்கும் வலது பிராக்கெட்டின் உள்முகத்தில் வந்து முட்டும் காலர் (ஸ்க்ரூவில் மாட்டிய வளையம்). அழுத்தாமல் சுற்றினால் ஸ்க்ரூ நடுவில் எங்கோ மிதந்துகொண்டிருக்கும், முள் ஒன்றும் சொல்லாது. நான் முந்தின வாரம் தனியாக அளந்தபோது ஒன்றும் தெரியாமல் போனது இதனால்தான்.

0.2 மி.மீ. இவ்வளவு வரியைப் போடுமா என்று எனக்குச் சந்தேகமாகவே இருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஏற்ற இறக்கம் சைன் அலை மாதிரி சீராக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வேகம் அதிகபட்சம் மாறும் பங்கு: பை பெருக்கல் 0.2, அதை 3.175-ஆல் வகுத்தால் 0.198. ஐந்தில் ஒரு பங்கு. அதாவது 0.1 என்று நான் நினைத்த ஃபீட், ஒவ்வொரு சுற்றிலும் 0.08 வரை இறங்கி 0.12 வரை ஏறுகிறது. டர்னிங்கில் டூல் விட்டுப்போகும் மேட்டின் உயரம் ஃபீடின் வர்க்கத்தைப் பொறுத்தது: ஃபீடின் வர்க்கத்தை, முனை ஆரத்தின் எட்டு மடங்கால் வகுக்க வேண்டும். என் டூலின் முனை ஆரம் 0.4 மி.மீ. மெதுவாகப் போகும் இடத்தில் மேடு 2 மைக்ரான், வேகமாகப் போகும் இடத்தில் 4.5 மைக்ரான். இரு மடங்குக்கும் மேல். வெர்னியரால் இதைப் பிடிக்கவே முடியாது, ஒளியைச் சிதறவிடும் விதத்தில் கண் உடனே பிடித்துவிடும். விட்டம் எங்கும் ஒன்றாக இருந்ததற்கும் காரணம் இதுதான். டூல் உள்ளே வெளியே போகவில்லை, போகும் வேகம்தான் மாறியது.

பிராக்கெட்டைக் கழற்றினோம். காலரைப் பிடித்திருப்பது ஒரே ஒரு கிரப் ஸ்க்ரூ (தலையில்லாத சிறு திருகு). காலரின் துளை தேய்ந்து லீட் ஸ்க்ரூவைவிடப் பெரிதாகியிருந்தது. கிரப் ஸ்க்ரூவை ஒரு பக்கமாக இறுக்கும்போது காலர் அந்தப் பக்கம் இழுபட்டுச் சாய்ந்து உட்காருகிறது. சரி, கண்டுபிடித்தாயிற்று என்று நான் எழுந்தேன். மேஸ்திரி எழவில்லை. “இது மட்டும்னா வரி வராது தம்பி” என்றார்.

எனக்கு விளங்கவில்லை. திண்ணையில் பொங்கல் கரும்பு மிச்சமிருந்தது. அரிவாளை வாங்கி ஒரு துண்டைச் சாய்வாகவும் இன்னொன்றை நேராகவும் வெட்டினார். இரண்டு வெட்டுமுகத்தையும் முட்டவைத்து, சாய்வாக வெட்டிய துண்டை மட்டும் சுற்றினார். முட்டும் இடம் சுற்றிச் சுற்றி வந்தது, ஆனால் இரண்டும் சேர்ந்த நீளம் மாறவே இல்லை. சாய்ந்த முகத்தின் உச்சி எப்போதும் மட்டமான முகத்தில்தானே நிற்கிறது! அடுத்து நேராக வெட்டியதையும் சாய்வாக வெட்டிச் சுற்றினார். உச்சியும் உச்சியும் சேரும்போது நீளம் கூடியது, உச்சி பள்ளத்தில் விழும்போது குறைந்தது. சுற்றும் முகம், நிற்கும் முகம் இரண்டும் சாய்ந்திருந்தால்தான் அச்சுவாக்கில் ஆட்டம் வரும். ஒன்று மட்டமாக இருந்தால் இன்னொன்றின் கோணல் வெளியே தெரியாது. பள்ளியில் இருபது வருடம் இயற்பியல் பாடம் நடத்துகிறேன். இதை இவ்வளவு தெளிவாக எந்தப் படத்திலும் நான் பார்த்ததில்லை.

அப்படியானால் பிராக்கெட்டின் முகத்திலும் ஒரு கோணல் இருந்தாக வேண்டும். பார்த்தோம். டிசம்பரில் நான் அடித்த எனாமல் அந்த முகத்தின் கீழ்ப்பாதியில் வழிந்து, இறங்கிய இடத்தில் துளியாகத் திரண்டு காய்ந்திருந்தது. அதன்மேல் வாஷரைப் போட்டு மாட்டியிருக்கிறேன். வாஷர் சாய்ந்து நின்றிருக்கிறது. காலரின் கோணல் பல வருடமாக இருந்திருக்கும், கிரப் ஸ்க்ரூ ஸ்க்ரூவின் உடம்பில் போட்ட வடு பழையது. பிராக்கெட் முகம் மட்டமாக இருந்தவரை அது யாருக்கும் தெரியாமல் இருந்தது. பெயிண்ட் வந்ததும் வெளியே வந்துவிட்டது.

அதே பெயிண்ட் பிராக்கெட் பெட்டோடு சேரும் முகத்திலும் இருந்தது. அதனால் பிராக்கெட்டே இடம் தள்ளி, ஸ்க்ரூவின் வலது முனை ஏப்ரனின் கோட்டைவிட்டு விலகியிருந்தது. பெட்டின் கடைசிச் சாணில் கேரேஜ் கனமாக ஓடியதற்குக் காரணம் ஜிப் இல்லை, இது. நடுவில் ஸ்க்ரூ வளைந்துகொடுக்கும், முனைக்கு வரவர வளைய இடமிருக்காது.

சரிசெய்வதற்கு ஒரு நாள்கூட ஆகவில்லை. உட்காரும் முகங்களில் இருந்த பெயிண்டைப் பிளேடால் சுரண்டி, தட்டையான கண்ணாடியில் புளூ என்ற நீலச் சாயம் தடவிப் பிராக்கெட் முகத்தை ஒற்றி, நீலம் பட்ட மேடுகளை மட்டும் ஸ்கிரேப்பரால் எடுத்தேன். காலரை அதே லேத்தில்தான் கடைந்தேன். ஆட்டோ ஃபீட் கோளாறாக இருந்தாலும் முகத்தை மட்டமாக்கும் ஃபேஸிங்குக்குக் குறுக்கு ஸ்லைடைக் கையால் சுற்றினால் போதுமே. பழைய துளையைப் பெரிதாக்கிப் பித்தளை புஷ் (உள்வளையம்) அடித்து, புஷ்ஷின் துளையையும் காலரின் முகத்தையும் சக்கிலிருந்து கழற்றாமல் ஒரே பிடிப்பில் முடித்தேன். ஒரே பிடிப்பில் செய்தால்தான் முகம் துளைக்குச் செங்குத்தாக நிற்கும். ஒற்றைக் கிரப் ஸ்க்ரூவுக்குப் பதில் காலரை ஒரு பக்கம் பிளந்து போல்ட்டால் நெரிக்கும்படி மாற்றினேன். அது சுற்றிலும் சமமாகப் பிடிக்கும்.

பிராக்கெட்டை மாட்டும்போது போல்ட்டை உடனே இறுக்கவில்லை. கேரேஜைக் கடைசி வரை கொண்டுபோய், ஹாஃப் நட்டை மூடி, ஸ்க்ரூ தன் கோட்டைத் தானே கண்டுபிடித்த பிறகு இறுக்கினேன். அச்சுவாக்கில் 0.03 மி.மீ. விளையாட்டு, அதாவது தளர்வு, விட்டேன். அச்சுவாக்கில் வரும் தள்ளலைத் தாங்கும் திரஸ்ட் பேரிங் போடலாமா என்று கேட்டதற்கு மேஸ்திரி வேண்டாம் என்றார். நானும் ஒத்துக்கொள்கிறேன். உட்காரும் முகம் இரண்டும் கோணலாக இருந்தால் நல்ல பேரிங்கும் அந்தக் கோணலைத்தான் கடத்தும். முகம் மட்டமாக இருந்தால் இந்த அளவு லேத்துக்கு வெண்கல வாஷரே போதும்.

மறுபடி குண்டு, கிரீஸ், டயல் கேஜ். சுற்றுக்கு 0.02 மி.மீ. வேக மாற்றம் ஐம்பதில் ஒரு பங்கு. அடுத்த ராடைக் கடைந்து சன்னலுக்குக் கொண்டுபோனேன். வரி இல்லை. கேரேஜ் பெட்டின் கடைசி வரை ஒரே கனத்தில் போனது.

முற்றிலும் இல்லை என்று சொல்ல முடியாது. மகள்தான் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துக் காட்டினாள். தண்டில் நான்கே நான்கு மெல்லிய வளையம், ஒன்றுக்கொன்று வெகு தூரம். முன்பு இருந்த நாற்பது ஐம்பது வரிக்குள் இவை மறைந்திருக்க வேண்டும். இந்தத் தடவை எதையும் தொடாமல் முதலில் அளந்தேன். 37.7 மி.மீ. பினியனுக்குப் பன்னிரண்டு பல். பன்னிரண்டை 3.1416-ஆல் பெருக்கினால் 37.7. அதாவது கைச்சக்கரத்தின் ஒரு சுற்று. சக்கரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புக் கைப்பிடி உச்சியைத் தாண்டிக் கீழே விழும்போது, ஹாஃப் நட்டில் இருக்கும் சிறு விளையாட்டைத் தாண்டிக் கேரேஜை ஒரு மயிரிழை முன்னே தள்ளுகிறது. கைப்பிடிக்கு நேர் எதிரே சக்கரத்தின் உட்புறத்தில் மீன் வலைக்குக் கட்டும் ஈயக் குண்டு இரண்டை உருக்கி ஊற்றி, எங்கே நிறுத்தினாலும் சக்கரம் அங்கேயே நிற்கும்வரை சுரண்டிச் சமன் செய்தேன். டிரில்லிங் மெஷினின் தூண் அதற்குப் பிறகு கடைந்ததுதான்.